பிரியாணி போட்டோம், போட்டோ எடுத்தோம்... உள் ரூம்ல படுத்திருந்தவங்களைப் பார்த்தோமா?

தோழர்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. மீம் எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும். ஒரு டீ சொல்லிட்டு உக்காந்து படிங்க.

தலைவர் பிறந்தநாள் வந்தா நம்ம பேஜ் இன்பாக்ஸ் எப்படி நிரம்பும்னு ஐடி விங்ல இருக்கிற எல்லாருக்கும் தெரியும். ஒன்றியம் வாரியா, வட்டம் வாரியா படங்கள் வந்து குவியும். அதுல நிறைய படம் முதியோர் இல்லத்துல எடுத்தது. வரிசையா டேபிள், வாழை இலை, பின்னாடி பிளெக்ஸ், கையில கரண்டியோட நிர்வாகி, ஓரத்துல கும்பிட்டபடி ஒரு பாட்டி. அதை எடுத்து பார்டர் போட்டு, பெயர்களைச் சரிபார்த்து (ஒரு பெயர் விட்டுப்போனா நைட் பதினோரு மணிக்குப் போன் வரும், அது தனிக் கதை) போஸ்ட் பண்றது எங்க வேலை. இந்தத் தடவை படங்களை வரிசையா பார்த்தப்ப ஒரு விஷயம் உறுத்துச்சு. எல்லாப் படத்துலயும் எல்லாரும் உக்காந்திருக்காங்க, இல்லன்னா நிக்கிறாங்க. படுத்திருக்கிற ஒரு ஆள் கூட எந்தப் படத்துலயும் இல்ல. நடக்க முடியாதவங்க சிலராவது இல்லாத முதியோர் இல்லம் உண்டா? அவங்க உள் ரூம்ல இருக்காங்க. நாம ஹால்லயே நின்னுட்டுத் திரும்பி வந்துடுறோம்.

சாப்பாடு போடுறது நல்ல காரியம், அதை நான் குறைச்சுச் சொல்லல. ஆனா யோசிச்சுப் பாருங்க. வெளியாள் ஒருத்தருக்கு முதியோர் இல்லத்தோட கதவு அவ்வளவு சுலபமா திறக்காது. நமக்குத் திறக்குது. வருஷத்துக்கு மூணு நாலு தடவை, மாநிலம் முழுக்க நூத்துக்கணக்கான இடங்கள்ல நம்ம ஆளுங்க உள்ள போறாங்க. போய் என்ன பார்க்கணும்னு தெரிஞ்சுக்கிட்டுப் போனா அது எவ்வளவு பெரிய விஷயம்! ஒரு முதியோர் இல்லத்துல பராமரிப்பு நல்லா இருக்கா, மோசமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இந்தப் பதிவு அதுக்குத்தான்.

முதல்ல இது ஏன் நம்ம பிரச்சினைன்னு சொல்லிடறேன். மத்திய அரசோட புள்ளியியல் அலுவலகம் வெளியிட்ட கணிப்புப்படி 2021ல் தமிழ்நாட்டு மக்கள்தொகையில 13.6 சதவீதம் பேர் 60 வயசுக்கு மேல. ஏறக்குறைய ஏழு பேர்ல ஒருத்தர். கேரளாவுக்கு அடுத்து நாமதான். 2031ல் இது 18.2 சதவீதம் ஆகும்னு அதே கணிப்பு சொல்லுது. "சின்னக் குடும்பம்"னு ரெண்டு தலைமுறை முன்னாடியே முடிவெடுத்த மாநிலம் இது. அந்த ஒண்ணு ரெண்டு பிள்ளைகள்ல ஒருத்தர் பெங்களூர்லயும் இன்னொருத்தர் டல்லாஸ்லயும் இருந்தா, ஊர்ல இருக்கிற அம்மாவை யார் பார்ப்பாங்க? கல்யாணமே பண்ணிக்காதவங்க, பிள்ளை இல்லாதவங்க, பிள்ளைக்கு முந்திப் பிழைச்சுக் கிடக்கிறவங்க எல்லாரும் இருக்காங்க. "பெத்த புள்ள பார்க்கணும், இல்லமே தப்பு"ன்னு கமெண்ட்ல ஒரு வரி எழுதிட்டுப் போறது ஈசி. அந்த மனப்பான்மைதான் சேர்த்துவிட்ட பிள்ளைகளைத் தலைகுனிய வைக்குது. தலைகுனிஞ்சவன் வாட்ச்மேன்கிட்ட கூட கேள்வி கேட்க மாட்டான். காசைக் கட்டிட்டு, அம்மா கையைப் பிடிச்சு அஞ்சு நிமிஷம் அழுதுட்டு, வேகமா கிளம்பிடுவான்.

கேள்வி கேட்கலன்னா என்ன ஆகும்னு நம்ம மாநிலத்துலயே பார்த்திருக்கோம். 2018 பிப்ரவரியில காஞ்சிபுரம் மாவட்டத்துல ஒரு வேனை மக்கள் மடக்கினப்ப, உள்ள ஒரு சடலம், அதோட உயிரோட இருக்கிற முதியவர், பக்கத்துல காய்கறி மூட்டை. அதுக்கப்புறம்தான் அந்தக் கருணை இல்லத்துக்குள்ள அதிகாரிகள் போனாங்க, இருந்தவங்களை வேற இடங்களுக்கு மாத்தினாங்க. 2023 பிப்ரவரியில விழுப்புரம் மாவட்டத்துல ஒரு ஆசிரமம். அங்க சேர்த்த ஒருத்தரைக் காணோம்னு உயர் நீதிமன்றம் வரைக்கும் போனாங்க, அதுக்கப்புறம்தான் அடைச்சு வச்சது, அடிச்சது மாதிரியான புகார்கள் வெளிய வந்துச்சு. வழக்கு சிபிசிஐடி வரைக்கும் போச்சு. ரெண்டு இடத்துக்கும் வாசல்ல போர்டு இருந்துச்சு, கேட் இருந்துச்சு. வெளியாட்கள் வந்து போயிருப்பாங்க, யாராவது சாப்பாடும் போட்டிருப்பாங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு உடனே புரியும். காலேஜுக்கு இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டி வர்றதுக்கு முந்தின வாரம் என்ன நடக்கும்? சுவருக்கு பெயின்ட். வராண்டாவுல பூந்தொட்டி. லேப்ல அதுவரைக்கும் பூட்டி வச்சிருந்த மெஷினுக்குத் துணி எடுத்து, பொட்டு வச்சு, லாக் புக்ல மூணு வருஷத்து எழுத்து ஒரே ராத்திரியில, ஒரே பேனாவுல. கமிட்டி போன மறுநாள் தொட்டி திரும்ப நர்சரிக்கு. முதியோர் இல்லத்தை நாம அளக்கிறதும் இதே கதைதான். டைல்ஸ் போட்டிருக்கா, தோட்டம் இருக்கா, பிள்ளையார் கோயில் இருக்கா, கூகுள்ல எத்தனை ஸ்டார். அந்த ஸ்டாரை யார் போட்டாங்கன்னு ஒரு தடவை திறந்து பாருங்க. பெரும்பாலும் நம்மள மாதிரி சாப்பாடு போட வந்தவங்க, இல்லன்னா பீஸ் கட்டுற பிள்ளைங்க. அங்க படுத்திருக்கிற பாட்டி ரிவ்யூ எழுதுறதில்ல.

கோளாறே இங்கதான் இருக்கு. காசு கொடுக்கிறவர் ஒருத்தர், அனுபவிக்கிறவர் வேற ஒருத்தர். ஹோட்டல்ல சாம்பார் ஊசிப்போனா நாமே சாப்பிடுறோம், நாமே சண்டை போடுறோம். இல்லத்துல அப்படி இல்ல. இலவச இல்லம்னா நன்கொடையாளர் கண்ணுக்குத் தெரியறது பளபளன்னு இருக்கும். கட்டண இல்லம்னா ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல தெரியற பாகம் பளபளன்னு இருக்கும். தலைசீவி, பவுடர் போட்டு, புதுப் புடவை கட்டி உக்கார வச்சிடுவாங்க. கேமரா முட்டிக்குக் கீழ போகாது.

1966ல் அவேடிஸ் டோனபீடியன்னு ஒரு மருத்துவர் இதுக்கு ஒரு எளிமையான வழி சொன்னார். தரத்தை மூணு இடத்துல பார்க்கலாம்: என்ன இருக்கு, என்ன செய்யறாங்க, கடைசியில அந்த மனுஷருக்கு என்ன ஆச்சு. நாம முதல் கேள்வியோட நின்னுடுறோம். கட்டில் இருக்கு, ஃபேன் இருக்கு, சரி கிளம்பலாம். ரெண்டாவதும் மூணாவதும்தான் உயிர்.

எங்க குடும்பத்துலயே நடந்ததைச் சொல்றேன். எங்க அப்பாவோட அத்தை, நாங்க அத்தைப்பாட்டின்னு கூப்பிடுவோம், ஒரு கட்டண இல்லத்துல இருந்தாங்க. மாசம் 28,000 ரூபாய். லிஃப்ட், லைப்ரரி, யோகா ஹால்னு கட்டடம் ஸ்டார் ஹோட்டல் மாதிரி. மெனு கார்டை வாட்ஸ்அப்ல அனுப்புவாங்க. சப்பாத்தி, குருமா, பொரியல், சுண்டல்னு வீட்டுல கூட நாங்க அப்படிச் சாப்பிட்டதில்ல. நாலு மாசம் கழிச்சு கண் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரி கூட்டிட்டுப் போனப்ப எடை பார்த்தா 45 கிலோ. சேரும்போது 52. என்ன ஆச்சுன்னு நோண்டினா, கீழ் பல்செட் உடைஞ்சு போச்சு. சொல்லக் கூச்சம். நாலு மாசமா ரசம் சாதமும் மோர் சாதமும்தான் சாப்பிட்டிருக்காங்க. தட்டுல வச்சதைத் திரும்ப எடுத்துட்டுப் போன ஆயாவுக்கு அது தெரிஞ்சிருக்கும், ஆனா அதை எழுதி வைக்க ஒரு நோட்டு அங்க இல்ல. யாரும் கொடுமைப்படுத்தல, யாரும் பட்டினி போடல. மாசம் ஒரு தடவை எடை பார்த்து எழுதியிருந்தா முதல் மாசத்துலயே பிடிபட்டிருக்கும். எடைபோடுற மிஷின் ஆயிரம் ரூபாய் சுத்தி வரும்.

முதியோர் மருத்துவத்துல இதுக்கு ஒரு கணக்கு உண்டு. வேணும்னு குறைக்காம ஒரு மாசத்துல 5 சதவீதமோ, ஆறு மாசத்துல 10 சதவீதமோ எடை இறங்கினா அது எச்சரிக்கை மணி, உடனே காரணம் தேடணும். 52ல இருந்து 45ன்னா 13 சதவீதத்துக்கு மேல. அதனால நீங்க எந்த இல்லத்துக்குப் போனாலும் முதல்ல கேட்க வேண்டியது "எடை நோட்டு காட்டுங்க"ங்கிறதுதான். நோட்டு இருந்தா, ஒரே பேனாவுல எழுதினதான்னும் பாருங்க. லேப் லாக் புக் எழுதின அனுபவம் நமக்கு இருக்கே!

அடுத்து படுக்கைப்புண். அசைய முடியாதவங்க ஒரே பக்கமா படுத்திருந்தா இடுப்பு எலும்பு, குதிகால், முதுகின் அடிப்பாகம் இங்கெல்லாம் ரத்த ஓட்டம் நின்னு தோல் செத்துப்போகும். முதல்ல சிவப்பு, அப்புறம் குழி, கவனிக்காம விட்டா எலும்பு வரைக்கும் போகும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும்ங்கிறது வழக்கமா சொல்லித்தர்ற பாடம். அறிமுகம் இல்லாத ஒருத்தரோட முதுகை நாம போய்த் திருப்பிப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. ஆனா பொறுப்பாளர்கிட்ட கேட்கலாம்: "இப்ப எத்தனை பேருக்குப் படுக்கைப்புண் இருக்கு?" படுத்த படுக்கையா பதினஞ்சு பேர் இருக்கிற இடத்துல "ஒருத்தருக்குக் கூட இல்லைங்க"ன்னு யோசிக்காம பதில் வந்தா எனக்குச் சந்தேகம் வரும். "ரெண்டு பேருக்கு இருக்கு, ஒருத்தருக்கு ஆஸ்பத்திரியில இருந்து வரும்போதே இருந்துச்சு, வாராவாரம் அளவு எழுதறோம்"னு சொல்ற இடத்தை நான் நம்புவேன். கீழே விழுறதும் அப்படித்தான். அறுபது வயசானவங்க இருக்கிற வீட்டுலயே வருஷத்துக்கு ஒரு தடவை யாராவது வழுக்கி விழுறாங்க. நாப்பது பேர் இருக்கிற இல்லத்துல யாருமே விழலன்னா, யாரும் எழுதலன்னு அர்த்தம்.

இப்ப ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு இல்லத்துல அசைய முடியாதவங்க 20 பேர். ராத்திரி 8 மணியில இருந்து காலையில 6 மணி வரைக்கும் பத்து மணி நேரம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னா ஆளுக்கு அஞ்சு தடவை புரட்டணும். மொத்தம் 100 தடவை. ஒரு தடவைக்கு அஞ்சே நிமிஷம்னு வச்சாலும் 500 நிமிஷம், அதாவது 8 மணி நேரம் 20 நிமிஷம். இதுல டயப்பர் மாத்துறது இல்ல, தண்ணி கொடுக்கிறது இல்ல, இருமல் வந்தா தூக்கி உக்கார வைக்கிறது இல்ல. கனமானவங்களைப் புரட்ட ரெண்டு பேர் வேணும்னா கணக்கு இரட்டிப்பாகும். ராத்திரி ஒரே ஒரு ஆயா இருக்கிற இடத்துல இது நடக்கவே நடக்காது. அந்த ஆயா தங்கமான மனுஷியா இருந்தாலும் நடக்காது. அதனால "ராத்திரி எத்தனை பேர் டியூட்டி?"ங்கிற ஒரு கேள்வி, "நல்லா பார்த்துக்கிறீங்களா?"ங்கிற நூறு கேள்விக்குச் சமம். பகல் எண்ணிக்கையைச் சொல்லி நழுவுவாங்க. விடாதீங்க.

அந்த ஆயாக்கள்கிட்டயும் பேசுங்க. எவ்வளவு நாளா இங்க வேலை பார்க்கிறீங்க, எத்தனை மணி நேர டியூட்டி, லீவு உண்டான்னு கேளுங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மொத்த ஆட்களும் மாறுற இடத்துல எந்தப் பாட்டிக்கு எந்தப் பக்கம் படுத்தா வலிக்கும்னு யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு மணி நேரம் நிக்கிற ஒரு பெண்ணுக்குச் சரியான சம்பளம் கொடுக்காம அன்பை மட்டும் எதிர்பார்க்கிறது என்ன நியாயம்? பராமரிப்புத் தரம்னு பேச ஆரம்பிச்சா அது தொழிலாளர் பிரச்சினையாவும் வந்து நிக்கும். நம்ம தொழிற்சங்கத் தோழர்கள் இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பிப் பார்க்கணும்.

கண்ணை மட்டும் வச்சுப் பார்க்கக்கூடிய விஷயங்களும் இருக்கு. தண்ணி டம்ளர் எங்க இருக்குன்னு பாருங்க. படுத்திருக்கிறவங்க கை எட்டுற தூரத்துலயா, ஜன்னல் மேலயா? ராத்திரி ஒண்ணுக்கு வந்தா யார் மாத்துறதுன்னு சாயங்காலத்துக்கு மேல தண்ணியே கொடுக்காத இடங்கள் உண்டு. அதுல இருந்து மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, திடீர்னு மனக்குழப்பம் எல்லாம் வரும். "வயசாச்சு, புத்தி தடுமாறுது"ன்னு சொல்லிடுவாங்க. நகம் வெட்டியிருக்கான்னு பாருங்க. காலையில பதினோரு மணிக்கு ஹால் முழுக்க எல்லாரும் தூங்கி வழிஞ்சா, தூக்க மாத்திரை யாருக்கு, எந்த டாக்டர் எழுதினார்னு கேளுங்க. கட்டில்ல துணி முடிச்சு தொங்கினா எதுக்குன்னு கேளுங்க. டாய்லெட்டுக்குள்ள போங்க, மூக்கைப் பொத்திக்காம போங்க. பிடிச்சுக்க கம்பி இருக்கா, தரை வழுக்குதா, உள்ள இருந்து தாழ்ப்பாள் போட்டு மயங்கி விழுந்தா வெளிய இருந்து திறக்க முடியுமா? வாசல்ல சாய்தளம் இருந்தா அதோட சரிவைப் பாருங்க. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்கணும்ங்கிறது விதி. பல இடத்துல பைக் ஏத்துறதுக்குப் போட்ட மாதிரி இருக்கும், வீல்சேர்ல யாரையாவது வச்சுத் தள்ளினா ரெண்டு பேருக்கும் ஆபத்து.

இன்னொண்ணு, எனக்குக் கோபம் வர்ற ஒண்ணு. சில இல்லங்கள்ல பெண்கள் எல்லாருக்கும் தலையை ஒட்ட வெட்டி விட்டிருப்பாங்க. பேன் வருதுன்னு காரணம் சொல்வாங்க. எழுபது வருஷம் கொண்டை போட்டுப் பூ வச்ச ஒருத்தங்ககிட்ட "வெட்டலாமா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டாங்களா? பேனுக்கு மருந்து இருக்கு. சாயங்காலம் அஞ்சரைக்கே ராத்திரி சாப்பாடு போட்டு ஆறு மணிக்கு லைட் அணைக்கிறதும் இதே ரகம்தான், ஆள் ஷிஃப்ட் முடியணும்னு பெரியவங்க வயித்தை மாத்துறது. போன் யார் கையில இருக்கு? பென்ஷன் ஏடிஎம் கார்டு யார்கிட்ட இருக்கு? ஆதார் அசலை ஆபீஸ் பீரோவுல வச்சிருக்காங்களா? உயில் எழுதிக் கொடுத்தாத்தான் சேர்ப்போம்னு சொன்னாங்களா? இதெல்லாம் மூச்சு, நாடி பார்க்கிற மாதிரியே முக்கியமான கேள்விகள்.

பேசும்போது ஒரு நுணுக்கம். பொறுப்பாளர் பக்கத்துல நிக்கும்போது "நல்லா இருக்கீங்களா?"ன்னு கேட்டா எல்லாரும் "நல்லா இருக்கேன் சாமி"ன்னுதான் சொல்வாங்க. நாம போயிடுவோம், அவங்க அங்கதான் இருக்கணும். அதனால தனியா உக்காந்து, சுத்தி வளைச்சுப் பேசுங்க. "நேத்து ராத்திரி என்ன சாப்பாடு பாட்டி?", "ராத்திரி எந்திரிக்கணும்னா யாரைக் கூப்பிடுவீங்க, வருவாங்களா?", "கடைசியா எப்ப வெளிய போனீங்க?" இந்த மூணு கேள்விக்கு வர்ற பதில்ல பாதி உண்மை தெரிஞ்சிடும். அப்புறம், சொன்னதை உடனே ரீல்ஸா போட்டுடாதீங்க. மறுநாள் அந்தப் பாட்டி நிலைமையை நினைச்சுப் பாருங்க.

சரி, இதையெல்லாம் பார்க்க அரசு இல்லையா, நாம எதுக்குன்னு கேட்பீங்க. சட்டம் இருக்கு. 2007ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம். அதோட 19வது பிரிவு, மாவட்டத்துக்குக் குறைஞ்சது ஒண்ணுன்னு ஆரம்பிச்சு, ஆதரவில்லாத 150 பேராவது தங்கற மாதிரி முதியோர் இல்லங்களை மாநில அரசு அமைக்கலாம்னு சொல்லுது. "அமைக்கலாம்". "அமைக்க வேண்டும்" கிடையாது. அந்த ஒரு வார்த்தையில எவ்வளவு நழுவல் பாருங்க. அப்படியே எல்லா மாவட்டத்துலயும் கட்டினாலும் 38 மாவட்டத்துக்கு 150 வீதம் 5,700 பேர். 2011 கணக்கெடுப்புலயே நம்ம மாநிலத்துல 60 தாண்டினவங்க 75 லட்சம். மிச்சம் இருக்கிற தேவையை எல்லாம் அறக்கட்டளைகளும் தனியாரும்தான் பார்க்கிறாங்க. சட்டம் வந்து பதினோரு வருஷம் கழிச்சு, 2018 டிசம்பர்ல அஸ்வனி குமார் வழக்குல உச்ச நீதிமன்றம் என்ன உத்தரவு போட்டுச்சு தெரியுமா? ஒவ்வொரு மாவட்டத்துலயும் எத்தனை முதியோர் இல்லம் இருக்குங்கிற விவரத்தை மாநிலங்கள்கிட்ட இருந்து வாங்குங்கன்னு. எண்ணிக்கையே அப்பதான் கேட்கப்படுது, தரம் எங்க! அடுத்த வருஷம் டிசம்பர்ல மக்களவையில ஒரு திருத்த மசோதா வந்துச்சு. இல்லங்கள் எல்லாம் பதிவு செய்யணும், குறைந்தபட்சத் தரம் இருக்கணும்னு அதுல இருந்துச்சு. நிறைவேறல. 2024ல் அந்த மக்களவையோட சேர்ந்து அதுவும் காலாவதி ஆச்சு. யாரும் பெருசா கத்தல. முதியோர் இல்லத்துல இருக்கிறவங்க சாலை மறியல் பண்ண மாட்டாங்கல்ல.

வெளிநாட்டுல எப்படின்னு ஒரு பார்வை. இங்கிலாந்துல பராமரிப்புத் தர ஆணையம்னு ஒண்ணு இருக்கு. பாதுகாப்பா இருக்கா, பலன் தருதா, பரிவா நடத்துறாங்களா, ஒவ்வொருத்தர் தேவைக்கும் ஈடு கொடுக்கிறாங்களா, நிர்வாகம் ஒழுங்கா இருக்கா, இந்த அஞ்சு கேள்விதான் அவங்களோட அளவுகோல். அறிக்கை இணையத்துல யாரும் படிக்கலாம், கிடைச்ச தரத்தை அந்த இல்லம் வாசல்ல மாட்டியே ஆகணும். எனக்குப் பிடிச்சது, ஆய்வுக்குப் போகும்போது அதிகாரிகளோட, இதே மாதிரி பராமரிப்பில இருந்த அனுபவம் உள்ள சாதாரண ஆட்களும் கூடப் போறாங்க. அங்கயும் எல்லாம் ஒழுங்கு இல்ல. பல இடங்களை வருஷக்கணக்கா ஆய்வே பண்ணலன்னு 2024ல் அந்த ஆணையமே வறுபட்டுச்சு. அமெரிக்காவுல 2008ல் இருந்து நர்சிங் ஹோம்களுக்கு ஒண்ணு முதல் அஞ்சு ஸ்டார் கொடுக்கிறாங்க. ஆரம்பத்துல எத்தனை ஊழியர்னு இல்லங்களே நிரப்பிக் கொடுத்தாங்க. நம்ம லாக் புக் கதைதான். அப்புறம் 2016ல் இருந்து சம்பளப் பதிவேட்டுல இருந்தே எண்ணிக்கையை எடுக்க ஆரம்பிச்சாங்க. அதைப் பார்த்து நாம கத்துக்கலாம். இல்லம் நிரப்பிக் கொடுக்கிற படிவத்தை நம்பாம, வேற காரணத்துக்காக எழுதப்படுற பதிவேட்டைப் பாரு.

நம்ம கட்சி சார்புல சட்டமன்றத்துலயும் உள்ளாட்சியிலயும் கேட்கணும்னு நான் நினைக்கிறது பெரிய பட்டியல் இல்ல. ஒவ்வொரு இல்லத்தோட ஆய்வு அறிக்கையும் ஒரே பக்கத்துல, தமிழ்ல, வாசல்லயும் இணையத்துலயும் இருக்கணும். எத்தனை பேர் இருக்காங்க, ராத்திரி எத்தனை ஊழியர், இந்த வருஷம் எத்தனை பேர் இறந்தாங்க, யாருக்குத் தகவல் சொன்னாங்க, கடைசியா அதிகாரி வந்தது எந்தத் தேதி. அவ்வளவுதான். சொல்லி வச்சுட்டு வர்ற ஆய்வு வேணாம்.

இதுக்கு ஒரு எதிர்வாதம் உண்டு, அது நியாயமான வாதமும் கூட. ஊர்ல ரிட்டயர்டு டீச்சர் ஒருத்தர் வாடகை வீட்டுல பன்னிரண்டு பேரை வச்சுக் கஞ்சி ஊத்திட்டு இருப்பார். அவர்கிட்ட போய் லிஃப்ட் எங்க, தீயணைப்புச் சான்றிதழ் எங்கன்னு சீல் வச்சா, அந்தப் பன்னிரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போவாங்க. அதனால பணம் ஆகாத விஷயங்களை முதல் நாள்ல இருந்தே கறாரா கேட்கணும்: எடை நோட்டு, எந்த நேரமும் பார்வையாளர் வரலாம்ங்கிற அனுமதி, யாரையும் கட்டி வைக்காம இருக்கிறது, அவங்க கார்டு அவங்க கையில இருக்கிறது. கட்டடம், கம்பி, சாய்தளம் மாதிரி செலவு ஆகுற விஷயத்துக்கு அவகாசமும் கொடுக்கணும், அரசு காசும் கொடுக்கணும். மாசம் முப்பதாயிரம் வாங்குற இடத்துக்கு இந்தச் சலுகையெல்லாம் கிடையாது.

நம்ம நிகழ்ச்சிகளைப் பத்தி மாவட்டப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே நாள்ல மூணு அணி போய் மூணு வேளையும் பிரியாணியும் கேசரியும் போட்டா, சர்க்கரை இருக்கிறவங்க பாடு என்ன? மறுநாள் காலையில இன்சுலின் போடுறது யாரு? முன்னாடியே போன் பண்ணி என்ன வேணும்னு கேளுங்க. பெரியவங்க டயப்பர், ஏர் பெட், எடை மிஷின், பழைய டாய்லெட்டுக்கு ரெண்டு கம்பி, இப்படித்தான் பதில் வரும். ஒரு பல் டாக்டரைக் கூட்டிட்டுப் போனா அதைவிட நல்லது. பிறந்தநாளுக்கு ஒரு தடவை போறதோட, தேதி சொல்லாம இன்னொரு நாள் சாயங்காலம் ரெண்டு பேர் மட்டும், துண்டு பேட்ஜ் எதுவும் இல்லாம போயிட்டு வாங்க.

தப்பா ஏதாவது கண்ணுல பட்டா அங்கயே கத்தி ரகளை பண்ண வேணாம். முதியோருக்கான இலவச உதவி எண் 14567, காலை 8 மணியில இருந்து ராத்திரி 8 மணி வரைக்கும் எடுப்பாங்க. உயிருக்கு ஆபத்துன்னா 108, அடிதடி அடைச்சு வைக்கிறதுன்னா 112. எழுத்துப்பூர்வமா மாவட்ட சமூக நல அலுவலருக்கும் ஆட்சியருக்கும் கொடுங்க, ரசீது வாங்குங்க. உங்க மாவட்டத்துல எத்தனை இல்லம் பதிவாகி இருக்கு, எந்தெந்தத் தேதியில ஆய்வு நடந்துச்சுன்னு தகவல் உரிமைச் சட்டத்துல கேட்க பத்து ரூபாய் போதும், முப்பது நாள்ல பதில் சொல்லணும். மனு எழுதத் தெரியாதவங்க கமெண்ட்ல மாவட்டத்தோட பெயரை மட்டும் போடுங்க, மாதிரி மனுவை ஐடி விங் தம்பிகள் இன்பாக்ஸ்ல அனுப்புவாங்க.